நாணயம் சேர்க்கத் தொடங்குவோருக்கு: அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஆல்பம் வரை

காசு சேர்க்க ஆசை வந்து என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஆல்பத்தோடுதான் வருகிறார்கள். காசெல்லாம் பளபளவென்று வரிசையாகச் சொருகியிருக்கும். "இதுல எது வெல போகுமுங்ணா?" என்று கேட்பார்கள். தேய்த்துக் கழுவியாயிற்று, எந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பது மறந்தாயிற்று, தப்பான பிளாஸ்டிக்கிலும் அடைத்தாயிற்று. அதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இருக்காது.

ஆல்பம் வாங்குவது கடைசிப் பக்கத்து வேலை. அதை முதலில் செய்தால் நடுவில் செய்ய வேண்டியது அத்தனையும் விட்டுப்போகும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டு, பென்சில், ஜிப் வைத்த சின்னப் பாலித்தீன் கவர் ஓர் ஐம்பது, துவைத்துக் காய்ந்த பழைய பனியன் துணி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று. முதல் ஒரு மாதம் காசு வாங்க ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

1. முதலில் வீட்டைத் தேடுங்கள்

நம் பக்கத்து வீடுகளில் பழைய காசு ஒளிந்திருக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்து அறை, சாமி மாடத்து உண்டியல், பட்டுச் சேலை வைத்த டிரங்குப் பெட்டி, தையல் மிஷின் டிராயர். அப்பாரு காலத்து மரப்பெட்டி இருந்தால் அதன் அடித்தட்டைத் தட்டிப் பாருங்கள். கடையில் வாங்கும் காசுக்கு இல்லாத ஒன்று இந்தக் காசுகளுக்கு உண்டு. யார் கையில் இருந்தது, எப்படி வந்தது என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

ஓர் இடத்தில் கிடைத்ததை ஒரே கவரில் போடுங்கள். இன்னோர் இடத்துக் காசோடு கலக்காதீர்கள். கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டு: யாருடையது, எங்கே கிடைத்தது, யார் சொன்னது, தேதி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் தட்டில் கொட்டிக் கிளறிப் பார்ப்பதுதான் முதல் தப்பு. கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. காங்கயம் பக்கத்து நண்பர் வீட்டுப் பெட்டியில் காலணாக்களோடு ஏழெட்டுத் திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சக்கரக் காசுகள் இருந்தன. அது ஏன் அங்கே என்று அவருடைய அம்முச்சியை (அம்மாவின் அம்மா) கேட்டபோதுதான், அப்புச்சி (அம்மாவின் அப்பா) மாட்டு வியாபாரத்துக்கு அந்தப் பக்கம் போய்வந்த கதை வந்தது. சக்கரத்தைத் தனியாக எடுத்திருந்தால் அது வெறும் செப்புத் துண்டு.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் துணியில் முடிந்து குலதெய்வத்துக்கு நேர்ந்து வைத்த காசைக் கேட்காமல் அவிழ்க்காதீர்கள். சின்ன வயதில் அப்படி ஒரு முடிச்சிலிருந்து நாலணா எடுத்து நான் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

2. கழுவாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற கை, செப்புக் காலணாவைப் பார்த்ததும் தானாகப் புளியைத் தேடும். அடுத்தது எலுமிச்சம்பழம், விபூதி, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் பவுடர். எல்லாமே உலோகத்தின் மேல்தோலை உரிப்பவை. செம்பு பல வருடம் காற்றில் இருந்து சாக்லேட் நிறத்துக்கு வரும். அந்தத் தோல் அடியில் இருக்கும் உலோகத்துக்குக் காவல். அதை உரித்தால் அடியிலிருந்து வருவது அழுத்தமில்லாத ரோஸ் நிறம். சில மாதத்தில் அதுவும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். பழகிய கண் ஒரு முழம் தள்ளி நின்றே "இது தேய்த்தது" என்று சொல்லிவிடும். விலையில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

வெள்ளி ரூபாயை நகைக்கடையில் கொடுத்து "பாலிஷ் போட்டுக் கொடுங்க" என்பதும் இதே கதைதான். வெள்ளிதானா என்று பார்க்கச் சொன்னால் உரைகல்லில் விளிம்பை ஓர் உரசு உரசிவிடுவார்கள். அவர்கள் தொழிலுக்கு அது சரி. காசுக்கு அது தழும்பு. எடை பார்க்க மட்டும் கொடுங்கள், கண் எதிரிலேயே.

மண்ணும் பிசுக்கும் ஒட்டிக்கொண்டு எழுத்தே தெரியாமல் இருந்தால்? கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, காசைப் படுக்க வைத்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள். தண்ணீரை மாற்றி இன்னொரு நாள். எடுத்துத் துணியில் வைத்து ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். ஒற்றுவதற்கும் துடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் லென்ஸில் தெரியும்: துடைத்த காசில் முடி முடியாகக் கோடு ஓடும்.

செப்புக் காசின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூத்து, தொட்டால் உதிர்ந்தால் அது அழுக்கு அல்ல, உலோகம் அரிக்கிறது. அதை உடனே தனிக் கவரில் போட்டு மற்றவற்றிலிருந்து விலக்குங்கள். கெட்டியாகப் பிடித்த கரும்பச்சைப் படலம் வேறு; அது பாட்டுக்கு இருக்கட்டும்.

3. மேசை, கை, கருவி

பனியன் துணியை நான்காக மடித்து மேசையில் விரியுங்கள். கை தவறி விழும் காசு கிரானைட் மேல் விழுந்தால் விளிம்பு நசுங்கும். திருப்பூர்க்காரர்களுக்கு இந்தத் துணிக்குப் பஞ்சமில்லை. கட்டிங் வேஸ்ட் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு தடவை துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

காசை விளிம்பில் பிடியுங்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். முகத்தில் விரல் வைத்தால் வியர்வை உப்பு அங்கேயே தங்கி, ஆறு மாதம் கழித்துக் கைரேகையாகக் கறுத்து நிற்கும். புதுக் காசில் இது இன்னும் மோசம்.

கருவிகளில் இரண்டுக்குப் பணம் போடலாம். ஒன்று, கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. இன்னொன்று விட்டம் அளக்கும் வெர்னியர். கோயமுத்தூரில் லேத் பட்டறை இல்லாத வீதி கம்மி, வெர்னியரை இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரும்புத் தாடையைக் காசின் மேல் இறுக்காதீர்கள், தொட்டால் போதும். பிளாஸ்டிக் வெர்னியர் இதற்கு இன்னும் நல்லது.

4. மூன்று குவியல்

இப்போதுதான் பிரிக்கிற வேலை. கவர் கவராக எடுங்கள். பிரித்தாலும் துண்டுச் சீட்டின் குறிப்பு காசோடு போக வேண்டும்.

முதல் பிரிவு கண்ணுக்குத் தெரிவதை வைத்து: ராஜா, ராணி தலை போட்டவை ஒரு பக்கம், சிங்கமுகத் தூண் போட்டவை ஒரு பக்கம், மற்றது எல்லாம் மூன்றாவது பக்கம். சமஸ்தானக் காசு, வெளிநாட்டுக் காசு, படிக்கவே முடியாதது எல்லாம் அந்த மூன்றாவதில் போகட்டும். அதை இப்போது தொடாதீர்கள். புதியவர்கள் புரியாத காசிலேயே முதல் வாரத்தைக் கழித்துச் சலித்துப்போகிறார்கள். தெரிந்ததை முடித்தால் தெரியாததைப் படிக்கிற கண் தானாக வரும்.

சிங்கமுகக் குவியலை மூன்றாக உடையுங்கள். 1950இல் தொடங்கிய அணா வரிசை, 1957 ஏப்ரல் 1 முதல் வந்த நயா பைசா, 1964இல் 'நயா' போன பிறகு வந்த பைசா. இங்கேதான் மூன்று இடறல்கள்.

முதலாவது, 'பைஸ்' என்பதும் 'பைசா' என்பதும் ஒன்று என்று நினைப்பது. 1950 முதல் வந்த குதிரை போட்ட செப்புக் காசில் ஒரு பைஸ் என்று இருக்கும். ரூபாய்க்கு அது 64. பைசா ரூபாய்க்கு 100. குதிரைக் காசை ஒரு பைசாப் பெட்டியில் போட்டவர்கள் எத்தனையோ பேர். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, காலணாவுக்கு 3 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. பைஸ் என்பது நம் காலணாதான். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவும் அதே மதிப்புதான், நடுவில் ஓட்டை.

இரண்டாவது, பேச்சு வழக்கு. ஐம்பது பைசாவையும் எட்டணா என்றோம், இருபத்தைந்து பைசாவையும் நாலணா என்றோம். அம்முச்சி "எட்டணா" என்று சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினால் அது அரை ரூபாய்க் காசா, ஐம்பது பைசாவா என்று பிறகு தெரியாது. காசில் அச்சிட்டிருப்பதை எழுதுங்கள்.

மூன்றாவது, ராஜா தலைக் குவியலில் வரும். காசில் இருக்கும் வருடம் அச்சடித்த வருடமாகத்தான் இருக்கும் என்று நம்புவது. விக்டோரியா தலை போட்ட ரூபாயில் 1862 என்ற வருடத்தையே 1874 வரைக்கும் போட்டு அடித்தார்கள். அதற்கு முன் கிழக்கிந்தியக் கும்பினியின் 1840 ரூபாய்க்கும் இதே கதை. ஆகவே 1862 என்று இருப்பது அபூர்வம் என்று துள்ள வேண்டாம்.

5. எல்லை போடுங்கள்

குவியல்களைப் பார்த்ததும் "எல்லாமே சேர்ப்பேன்" என்று தோன்றும். அப்படி ஆரம்பித்தவர்களில் இரண்டாம் வருடம் தொடர்ந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. எல்லை இல்லாத தொகுப்பில் எது குறைகிறது என்று தெரியாது. எது குறைகிறது என்று தெரியாவிட்டால் அடுத்து எதைத் தேடுவது?

ஆரம்பத்துக்கு நான் சொல்வது நயா பைசா. 1957 முதல் 1964 வரை எட்டே வருடம். 1, 2, 5, 10, 25, 50 என்று ஆறு மதிப்பு. பெரும்பாலானவை இன்னும் சல்லிசாகக் கிடைக்கின்றன. வருடம், காசு அடித்த ஆலை என்று நுணுக்கிப் பிரித்தால் படிக்க நிறைய இருக்கிறது.

வகைக்கு ஒன்று சேர்ப்பது இன்னொரு வழி. ஒரு ரூபாயை மட்டும் எடுங்கள்: பத்து கிராம் நிக்கல் ரூபாய், எட்டு கிராம் செம்பு நிக்கல் ரூபாய், ஆறு கிராமுக்கு இளைத்தது, 1992இல் வந்த 4.85 கிராம் எவர்சில்வர் ரூபாய். வரிசையாக அடுக்கினால் ரூபாய் மெலிந்த கதை மேசையிலேயே இருக்கும்.

நம் ஊர் ஆட்கள் விரும்புவது நினைவுக் காசு. 1964இல் நேரு தலையோடு தொடங்கிய வரிசை அது. அதில் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளதை மட்டும் எடுத்தாலே ஒரு பக்கம் நிறையும்: 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர், காமராஜர் நூற்றாண்டு, அண்ணா நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு, எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்ஜிஆர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போய் மத்திய விவசாய அமைச்சரான சி. சுப்பிரமணியத்துக்கும் 2010 நூற்றாண்டு ஐந்து ரூபாய் உண்டு. கொங்கு வீட்டு ஆல்பத்தில் அந்தக் காசு இல்லாமல் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

எல்லையை ஒரே வரியில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு மாற்றலாம், எழுதாமல் மாற்ற முடியாது.

6. ஆலைக்குறி படிக்கப் பழகுங்கள்

பீரோவில் கிடக்கும் காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசாவை எடுங்கள். 1988 முதல் 2002 வரை வந்தது, எல்லார் வீட்டிலும் இருக்கும். எந்த ஆலை அடித்தது என்று சொல்லும் குறி வருடத்துக்கு நேர் கீழே இருக்கும், அங்கே லென்ஸை வையுங்கள். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழக் கூடாது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, காசைச் சற்றுச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேடான குறிக்கு நிழல் விழும்.

சாய்சதுரம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். உருண்டைப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஹைதராபாத் பழைய காசுகளில் நடுவே பிளந்த சாய்சதுரமும், புள்ளி வைத்த சாய்சதுரமும் வரும். அவசரத்தில் அதை மும்பை என்று எழுதிவிடுவோம்.

தேய்ந்த சாய்சதுரம் புள்ளி மாதிரித் தெரியும். அப்போது வருடத்தைப் பாருங்கள். நொய்டா ஆலை அச்சடிக்கத் தொடங்கியதே 1988இல். 1970ஆம் வருடக் குடியரசுக் காசில் நொய்டா வரவே வராது. அதேபோல, வருடத்தின் அடிப்பகுதியே தேய்ந்திருக்கும் காசில் குறி இல்லை என்பதை வைத்துக் கொல்கத்தா என்று எழுதாதீர்கள். 'தெரியவில்லை' என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. சில வருடங்களில் காசு போதாமல் வெளிநாட்டு ஆலைகளிலும் அடித்து வாங்கினார்கள். புதுக் குறி ஏதாவது கண்டால் வரைந்து வைத்துக்கொண்டு பிறகு தேடுங்கள். ராஜா தலை வெள்ளிக் காசில் 'எல்' என்ற எழுத்து கிடைத்தால் அது லாகூர், 1943 முதல் 1945 வரை.

ஒரு நாளைக்கு இருபது காசுக்கு மேல் பார்க்காதீர்கள். கண் சோர்ந்தால் எல்லாமே கொல்கத்தா ஆகிவிடும்.

7. நோட்டு: இதுதான் தொகுப்பு

உறையில் போடும் முன் எழுதி முடியுங்கள். உறைக்குள் போன காசை எடை போடவோ விளிம்பு பார்க்கவோ முடியாது. திரும்பப் பிரித்தால் கீறல் விழும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரிசை எண், ஒன்றிலிருந்து தொடங்கி. அவ்வளவுதான். நான் ஆரம்பத்தில் கெட்டிக்காரத்தனமாக, ராஜா பெயர், மதிப்பு, வருடம் எல்லாம் சேர்ந்த குறியீட்டு எண் கொடுத்தேன். ஐந்தாம் ஜார்ஜ் என்று எழுதியது ஆறாம் ஜார்ஜ் என்று தெரிந்தது. எண்ணை மாற்றினேன், உறையை மாற்றினேன், படத்தின் பெயரை மாற்றினேன். மூன்றாவது தடவை இப்படி ஆனபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எழுத ஆரம்பித்தேன். எண் என்பது பெயர் மட்டுமே. விவரம் பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும், தப்பானால் அங்கே அடித்துத் திருத்தலாம்.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "37. கால் ரூபாய், ஆறாம் ஜார்ஜ், பின்பக்கம் புலி, 1947. நிக்கல், காந்தம் இழுக்கிறது. விளிம்பில் ஒரு வெட்டு, மணி 4 திசையில். அம்முச்சியின் சுருக்குப் பை, சென்னிமலை. விலை இல்லை. பெட்டி 2." விளிம்பு வெட்டைக் கடிகார மணிக் கணக்கில் எழுதுவது உதவும்: யாரிடமாவது காட்டக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது அதே காசுதானா என்று ஒரு நொடியில் தெரியும்.

எடை, விட்டம் இரண்டையும் ஒவ்வொரு காசுக்கும் போடுங்கள். சோம்பலாகத்தான் இருக்கும். ஆனால் ஐம்பது காசு எடை போட்ட பிறகு, கையில் வாங்கியதுமே "இது இலேசா இருக்குதே" என்று சொல்லும் கை வந்துவிடும். கடையில் அந்தக் கைதான் காப்பாற்றும்.

நிலைமையைக் கூட்டி எழுதாதீர்கள். விற்பவர்கள் விஎஃப், எக்ஸ்எஃப், யுஎன்சி என்று படிப்படியாகச் சொல்வார்கள். யுஎன்சி என்றால் கை படாதது. எக்ஸ்எஃப் என்றால் மேட்டில் மட்டும் இலேசாகத் தேய்ந்தது. விஎஃப் தேய்ந்தாலும் நுணுக்கம் பாக்கி இருப்பது. ராஜா தலையில் கிரீட மணிகளையும் காது மடலையும் பாருங்கள், முதலில் தேய்வது அங்கேதான். சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்தே எழுதுங்கள்.

உலக நாணயப் பட்டியல்களில் 'கேஎம்' என்று தொடங்கும் எண் ஒவ்வொரு வகைக்கும் உண்டு; நியூமிஸ்டா தளத்திலும் பார்க்கலாம். அதை ஒரு கட்டத்தில் எழுதினால் வெளியூர்க்காரரோடு காசு மாற்றும்போது வளவளவென்று விளக்க வேண்டியதில்லை. ஃபோனில் இருபுறமும் படம் எடுத்து, படத்துக்கும் அதே வரிசை எண்ணைப் பெயராக வையுங்கள். நோட்டு நூறைத் தாண்டியதும் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

8. உறையும் பெட்டியும்

என் முதல் ஆல்பம் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வாங்கியது. மெத்மெத்தென்று, புது ரெக்ஸின் வாசத்தோடு இருந்தது. பீரோ மேல் வைத்தேன்; இரண்டு சித்திரை வெயில் தாங்கியது. மூன்றாம் வருடம் திறந்தால் அரையணாக்களின் மேல் பச்சையாக, பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது. அது பிவிசி பிளாஸ்டிக் வேலை. சூட்டில் அதிலிருந்து கசியும் பொருள் உலோகத்தோடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகும். நாள்பட்டால் உலோகத்தையே தின்னும்.

வாசம் வருகிற, வளைத்தால் குழைகிற பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். வாங்கும்போது "பிவிசி இல்லாததா?" என்று கேளுங்கள். ஏற்கனவே பிசுக்கு ஒட்டியிருந்தால் லேப் பொருள் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊற வையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் சாயமும் சேர்ந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். சமையலறையில் செய்யாதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

நான் இப்போது பயன்படுத்துவது இரண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டர், நடுவில் மெல்லிய பாலியஸ்டர் ஜன்னல் வைத்தது. ஜன்னல் அளவு காசின் விட்டத்துக்கு ஏற்ப வரும். விட்டம் நோட்டில் இருப்பதால் எந்த அளவில் எத்தனை வேண்டும் என்று எண்ணி வாங்கலாம். அட்டையில் எழுதுவதை, காசு போடும் முன் எழுதுங்கள், பென்சிலில். போட்ட பிறகு பேனாவை அழுத்தினால் காசில் அச்சு விழும்.

மூன்று பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்து, பின்னின் முதுகைக் குறடால் தட்டையாக அழுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு ஹோல்டரின் பின் அடுத்த ஹோல்டரின் ஜன்னலைக் கிழித்துக் காசைக் கீறும். காசை வெளியே எடுக்கும்போது முதலில் பின் அத்தனையையும் கழற்றிவிட்டு அட்டையைப் பிரியுங்கள். பின்னை ஒரு பக்கம் விட்டுவிட்டுக் காசை உருவுவதில்தான் பெரும்பாலான கீறல்கள் விழுகின்றன.

ரப்பர் பேண்ட், செய்தித்தாள், காக்கிக் கவர் மூன்றையும் வெள்ளிக் காசின் பக்கத்தில் விடாதீர்கள், கறுத்துப்போகும். புது பிளைவுட் பெட்டியும் அப்படித்தான். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று வரும் ஆனி, ஆடி மாதங்களில் அது வேண்டும். வால்பாறைக்காரர்களுக்கு வருடம் முழுக்க வேண்டும்.

9. இப்போது வாங்கலாம்

நோட்டைப் பார்த்து இல்லாததை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கல்யாண மண்டபங்களில் அவ்வப்போது நாணயக் கண்காட்சி போடுவார்கள். முதல் தடவை ஒன்றும் வாங்காமல் சுற்றி வாருங்கள். ஒரே காசுக்கு நாலு மேசையில் நாலு விலை இருக்கும்.

வெள்ளி ரூபாய் வாங்கும் நாளில் காலை வெள்ளி விலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. அதாவது பத்தே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைய. 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி. இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் யோசியுங்கள். தேய்ந்த சாதாரண வருடக் காசின் விலை வெள்ளி விலையை ஒட்டியே இருக்கும்.

1939ஆம் வருட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் நிஜமாகவே அரிது. அதனால்தான் போலி அதிகம். புதியவர் கையில் அது மலிவாக வந்தால் அது அதுவாக இருக்காது. எடை போடுங்கள், விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள், எழுத்தின் ஓரம் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருக்கிறதா பாருங்கள்.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. "காந்தம் ஒட்டினால் போலி" என்பது வெள்ளிக்கு மட்டும் சரி. 1947 ரூபாயும் 50, 60களின் நாலணா, எட்டணாவும் சுத்த நிக்கல். அவற்றைக் காந்தம் இழுக்கத்தான் செய்யும். பெருந்துறைத் தம்பி ஒருவர் நல்ல நிக்கல் ரூபாய்களை எல்லாம் போலி என்று ஒதுக்கிக் கடையில் மாற்றப் பார்த்தார்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார், லட்சுமி போட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்றெல்லாம் எழுதிய கனமான காசு சந்தையில் கிடைக்கும். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அது பூஜையறை வில்லை. சாமி கும்பிடலாம், சேர்க்க வேண்டாம். அரிசியை இழுக்கும் காசு என்று 'ரைஸ் புல்லிங்' பேசுபவரிடம் டீகூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம், வைஷ்ணவி தேவி காசுக்கு லட்சம் என்று ஃபோனில் வரும். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி என்று உங்களிடமிருந்துதான் பணம் போகும். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இப்படிக் கேட்டதால் 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட்டது. பழைய காசு வாங்கும் வேலை அவர்களுக்கு இல்லை.

புது நினைவுக் காசுகளை அரசு நாணய ஆலைகளின் தளத்திலேயே யுஎன்சி செட்டாகவோ, கண்ணாடி போல மினுங்கத் தனியாக அடித்த ப்ரூஃப் செட்டாகவோ வாங்கலாம். சில்லறையில் வருவதைப் பிடிக்கப் பத்து ரூபாய்தான் எளிது. நம் பக்கத்துக் கடைகளில் "அது செல்லாதுங்க" என்று வாங்க மறுத்த காலத்தில் எனக்கு வகை வகையாகக் கிடைத்தது. 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொன்ன பிறகும் கொஞ்ச நாள் அந்த யோகம் ஓடியது.

10. சட்டம், சுருக்கமாக

தோட்டத்தில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ காசுப் பானை கிடைத்தால் அது உங்கள் தொகுப்பு அல்ல. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் வருடச் சட்டம், இன்றும் இருக்கிறது. வெள்ளலூரிலும், கரூர் அமராவதி மணலிலும் ரோமானியக் காசு கிடைத்த மண் இது. அதனால் நம்மவர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. ஆற்று மணலில் எடுத்தது என்று யாராவது சேரர் காசு நீட்டினால் எங்கே, எப்படி வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூர் மச்சான் ஆசைப்பட்டுக் கேட்டாலும் விக்டோரியா ரூபாயைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டும் சேர்ப்பவரா? பத்துக்கு மேல் வைத்திருப்பது குற்றம். நாணயவியல், ஆய்வு என்றால் 25 வரை.

11. வருடத்துக்கு ஒரு நாள், அப்புறம் இரட்டைகள்

ஆடி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து நோட்டோடு ஒப்பிடுங்கள். பச்சை ஏதும் பூத்திருக்கிறதா, ஜன்னல் கிழிந்திருக்கிறதா, சிலிக்கா ஜெல் நிறம் மாறிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். எல்லாக் காசையும் வெளியே எடுத்துக் கொஞ்ச வேண்டியதில்லை. வீட்டில் இன்னொருவருக்கு நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். தெரியாத வீடுகளில் முழுத் தொகுப்பும் எடைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டையாகச் சேர்ந்தவற்றில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் தனி டப்பாவில் போடுங்கள். காசு மாற்ற அதுதான் முதல். மாற்றும்போது இரண்டு பேரும் எடை போட்டு, லென்ஸில் பார்த்து, சீட்டில் எழுதிக்கொள்வது நல்லது. நண்பர் என்பதால் கூச்சப்பட்டு விட்டுவிட்டால்தான் பிறகு மனத்தாங்கல் வரும். போன காசின் வரியை நோட்டில் ஒரே கோடாக அடித்து, யாரிடம் போனது, பதிலுக்கு எந்த எண் வந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். அந்தப் பழைய எண்ணை வேறு காசுக்குக் கொடுக்க வேண்டாம்.